நீருக்கடியில் ஒரு மூக்குக் கண்ணாடி





சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகையை முடித்துவிட்டு அத்திப்பட்டிலுள்ள என் கண்ணாடிக் கடையில் அமர்ந்திருந்தேன். என் ராத்தாவின் மகன் உள்ளே வந்தான். இருபத்து நான்கு வயது இளைஞன். கீழக்கரையிலிருந்து வந்து எங்கள் வீட்டிலேயே தங்கி, துறைமுகங்களில் நீர்மூழ்கிப் பணியை ஏற்றுச் செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்து வருகிறான். வாடிக்கையாளர் எவரும் இல்லை என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து என் மேசைமீது வைத்தான். ஒன்று, அவன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் மூக்குக் கண்ணாடி. மற்றொன்று, மூழ்குவோர் முகத்தில் அணியும் மாஸ்க்.

"மாமா, இதை இதுக்குள்ள வைக்க முடியுமா? வேலையில யாருக்கும் தெரியக் கூடாது."

பத்தாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி அணிபவன் அவன். வலது கண்ணுக்கு மைனஸ் மூன்றரை. இடது கண்ணுக்கு மைனஸ் நான்கும், அதனோடு அரை அளவு சிலிண்டரும். வேலைக்குச் சேர்ந்த அன்று கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டவன், எட்டு மாதங்களாக அதனை அங்கே எவரிடமும் காட்டவில்லை. காட்டினால் வேலை போய்விடும் என்னும் அச்சம். ராத்தாவின் மூத்த மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த காலம் அது என்பதனையும் வாசகர்கள் கவனத்திற் கொள்ள வேண்டும்.

"எட்டு மாசம் எப்படிச் சமாளிச்சே?" என்று கேட்டேன். நீருக்கடியில் சிரமமே இல்லை என்றான். எங்கள் எண்ணூர்க் கடலின் கலங்கலில் நீட்டிய கைக்கு அப்பால் எவருக்கும் எதுவும் தெரியாது. பெரும்பாலும் தடவித் தடவியே வேலை. தொல்லையெல்லாம் மேலே வந்தபின்தான். அதற்கு முந்திய வாரம் அவன் நீர்மட்டத்திற்கு வந்தபோது, எதிரே இரண்டு படகுகள் தெரிந்திருக்கின்றன. தன் படகு எது என்று புரியாமல், மங்கலாகத் தெரிந்த ஒன்றை நோக்கி நீந்தியிருக்கிறான். அது வேறு படகு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய படகிலிருந்து கை காட்டியதும் அவனுக்குத் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் நெருங்கிய பிறகே திரும்பியிருக்கிறான்.

இதனை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மாதப் பகுதியை இதற்கென்றே ஒதுக்குகிறேன். 'நம் வீட்டில் கடலில் மூழ்குபவர் யார்?' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அத்திப்பட்டுப் புகைவண்டி நிலையத்திலிருந்து கிழக்கே பார்த்தால் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அதற்கப்பால் 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், இன்றைய பெயர் காமராசர் துறைமுகம். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியின் துறைமுகம். அங்கேயே 2010இல் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. கப்பலின் அடிப்பாகத்தையும் துறைச் சுவரையும் நீர் உறிஞ்சும் வாயையும் பார்க்க ஒரு மனிதன் தண்ணீருக்குள் இறங்கத்தான் வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு இவ்வேலைக்கென்றே செல்லும் நம் பிள்ளைகளும் உண்டு. விடுமுறை நாளில் வேடிக்கைக்காக மூழ்கப் பழகுவோரும் பெருகிவிட்டனர்.

கீழக்கரை மக்களுக்கு இது புதிய தொழிலுமன்று. மன்னார் வளைகுடாவின் சங்கு குளிப்பிலும் முத்துக் குளிப்பிலும் கீழக்கரை முஸ்லிம்கள் பெயர் பெற்றவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்நாளைய குளியாளி கண்ணில் எதுவும் அணியாமல் இறங்கினார். அவருக்கு அடியில் என்ன தெரிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே, மாஸ்க்கின் பயன் விளங்கிவிடும்.

நம் கண்ணில் ஒளியை வளைக்கும் பெரும் பணியைச் செய்வது உள்ளே இருக்கும் லென்ஸ் அன்று; கருவிழியின் முன்னுள்ள தெளிந்த படலமே. கண்ணின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 60 டயாப்டர் என்றால், அதில் 43 அந்தப் படலத்தினுடையது. காற்றிலிருந்து கண்ணுக்குள் ஒளி நுழையும்போதுதான் அந்த வளைவு நிகழும். தண்ணீரின் தன்மையும் அப்படலத்தின் தன்மையும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கண்ணைத் தண்ணீர் தொட்ட மாத்திரத்தில் அந்த 43 டயாப்டரும் கிட்டத்தட்ட முழுதும் போய்விடும். ஆறுக்கு ஆறு பார்வை உடையவரும் அங்கே மங்கலான நிழலைத்தான் காண்பார். விதிவிலக்கும் உண்டு. தாய்லாந்துக் கடலோரத்தில் வாழும் மோக்கன் இனத்துச் சிறுவர்கள் வெறுங்கண்ணோடு நீருக்கடியில் ஐரோப்பியச் சிறுவர்களைவிட இருமடங்கு நுணுக்கமாகப் பார்ப்பதனை, அன்னா கிஸ்லேன் என்னும் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2003இல் வெளியிட்டார். கண்மணியை மிகச் சுருக்கிக்கொண்டு பார்க்க அப்பிள்ளைகள் பழகியிருந்தனர்.

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குள் செல்லும்போது எவ்வாறு வளைகிறது என்பதனை 984ஆம் ஆண்டளவில் பக்தாதிலிருந்து எழுதி, அதனைக் கொண்டு லென்ஸின் வடிவையும் கணித்தவர் இப்னு ஸஹ்ல். அடுத்த தலைமுறையில் கெய்ரோவிலிருந்து 'கிதாபுல் மனாழிர்' எழுதியவர் இப்னுல் ஹைதம். கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவர்களை நன்றியோடு நினைப்பது இயல்பு. மாஸ்க்கும் அதே கணக்கின் மேல் நிற்பதுதான். கண்ணுக்கு முன்னால் சிறிதளவு காற்றைச் சிறைப்படுத்தி வைக்கிறது, அவ்வளவே. இழந்த 43 டயாப்டரும் திரும்பி வந்துவிடுகின்றன. ஆனால் தட்டையான கண்ணாடி வழியே தண்ணீரைப் பார்க்கும்போது நான்கு அடி தொலைவிலுள்ள பொருள் மூன்றடியில் இருப்பதுபோலத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். மைனஸ் ஒன்று, ஒன்றரை உள்ளவர் 'எனக்குத் தண்ணீருக்குள் நன்றாகத் தெரிகிறது' என்பது இதனாலும்தான். நீர்மட்டத்திற்கு வந்ததும் அந்தச் சலுகை முடிந்துவிடும்.

இனி என் மருமகன் கேட்டதற்கு வருவோம். மூக்குக் கண்ணாடியை அப்படியே போட்டுக்கொண்டு மேலே மாஸ்க்கை அணிய இயலாது. காதுக்குச் செல்லும் கம்பிகள் மாஸ்க்கின் சிலிகான் விளிம்புக்கும் தோலுக்கும் இடையே வழி உண்டாக்கிவிடும். தண்ணீர் உள்ளே வரும். நீச்சல் குளத்தில் அணியும் பவர் கண்ணாடி போதாதா என்பார்கள். போதாது, ஆபத்துமாகும். ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் வளிமண்டல அழுத்தத்திற்கு இணையான அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதால், மூக்கின் வழியே சிறிது மூச்சு விட்டு உள்ளிருக்கும் காற்றைச் சமன் செய்யலாம். நீச்சல் கண்ணாடியில் மூக்கு வெளியே இருக்கும். சமன் செய்ய வழியில்லை. அது கண்ணைக் கவ்வி இழுத்து இரத்தம் கட்டச் செய்துவிடும்.

பவரை மாஸ்க்குக்குள் கொண்டு செல்ல மூன்று வழிகள் உள்ளன. மாஸ்க்கின் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால், கம்பெனியே விற்கும் பவர் கண்ணாடியை அதே இடத்தில் மாற்றிப் பொருத்தலாம். ஒரே பெரிய கண்ணாடியாக இருந்தால், அதன் உட்பக்கத்தில் லென்ஸை ஒட்ட வேண்டும். மூன்றாவது, சிறு சட்டத்தில் லென்ஸ் பொருத்தி மாஸ்க்கினுள்ளே மாட்டிவிடுவது. மலிவானது, சிலிண்டர் உட்பட எந்தப் பவரும் போடலாம். ஆனால் லென்ஸின் இரு பக்கமும் ஆவி படியும், இடிபட்டால் நகரும். தொழிலாளிக்கு அதனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் மருமகனுடையது ஒரே கண்ணாடி. ஒட்டத்தான் வேண்டும். இருபத்தாறு ஆண்டு அனுபவம் தந்த துணிச்சலில், 'இதென்ன பெரிய காரியம்' என்று நினைத்தேன். இங்கே என் தவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். கடையில் இருந்த, நொடியில் ஒட்டும் பசையை விளிம்பில் தொட்டு லென்ஸை வைத்து அழுத்தினேன். மறுநாள் காலையில் பார்த்தால் லென்ஸ் முழுவதும் வெண்மை படர்ந்திருந்தது! அந்தப் பசையின் ஆவி, மூடிய இடத்தில் கண்ணாடியின் மேல் வெள்ளையாகப் படியும் குணமுடையது. போதாக்குறைக்கு நான் எடுத்தது சாதாரண மூக்குக் கண்ணாடி லென்ஸ். அது இருபுறமும் வளைந்தது. தட்டையான மாஸ்க் கண்ணாடியோடு அது எங்கே பொருந்தும்? நடுவில் காற்றுக் குமிழ். மூவாயிரம் ரூபாய் மாஸ்க் வீணாயிற்று. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவிதான் சொன்னாள்.

ஒட்டுவதற்கென்று வரும் லென்ஸின் வெளிமுகம் முழுத் தட்டையாக இருக்கும். பவர் அனைத்தும் கண்ணை நோக்கிய உட்பக்கத்து வளைவிலேயே இருக்கும். மாற்றிப் பொருத்தும் லென்ஸும் அவ்வாறே. வெளிமுகம் வளைந்திருந்தால், அந்த வளைவின் பவர் காற்றில் ஒன்றாகவும் தண்ணீரில் வேறாகவும் ஆகிவிடும். படகில் தெளிவாகத் தெரிந்தது கீழே மங்கிவிடும். ஒட்டும் பசையும் நிறமற்ற, கண்ணாடித் தொழிலுக்கென்றே உள்ள பசையாக இருத்தல் வேண்டும். புற ஊதா விளக்கொளியில் இறுகும் வகைகள் உள்ளன. குமிழ் ஒன்றுகூட நிற்கலாகாது.

இரண்டாவது முறை வீம்பு பார்க்கவில்லை. இரட்டைக் கண்ணாடி மாஸ்க் ஒன்றையும் அதற்கேற்ற பவர் கண்ணாடிகளையும் சென்னையிலுள்ள நீர்மூழ்கிச் சாதன வணிகரிடம் வரவழைத்தோம். இவை அரை டயாப்டர் படிகளில் கிடைக்கின்றன, சிலிண்டர் கிடையாது. ஆகையால் சிலிண்டரில் பாதியைப் பவரோடு கூட்டிக்கொள்வது வழக்கம். இடது கண்ணின் மைனஸ் நான்கோடு சிலிண்டர் அரையில் பாதியைக் கூட்டினால் நாலே கால். நாலே கால் என்று படி கிடையாது. நான்கா, நாலரையா? குறைந்ததை எடுங்கள். தண்ணீர் பொருளைக் கிட்டத்தில் காட்டுவதால் சற்றுக் குறைந்த பவர் போதுமானது. கூடுதலானால் கையிலுள்ள கடிகையைப் படிக்கக் கண் பாடுபடும். ஆனால் சிலிண்டர் இரண்டு, மூன்று என்று உள்ளவருக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர் தம் சீட்டின்படி லென்ஸ் அறுத்து ஒட்டுவதே முறை.

பவர் மிகுந்தவர்க்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. மூக்குக் கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டரில் இருக்கும். மாஸ்க்கில் அது 25 மில்லிமீட்டர்கூட ஆகலாம். மைனஸ் லென்ஸ் கண்ணைவிட்டு விலக விலக வலு குறையும். மைனஸ் எட்டு அணிபவருக்கு அந்த இடத்தில் ஏறத்தாழ ஒன்பது தேவைப்படும். மூன்று, நான்கு வரை உள்ளவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பிளஸ் பவருக்கு இதுவே தலைகீழாகும்.

லென்ஸின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக அமைய வேண்டும். மாஸ்க்கை அணிந்து, நேரே தொலைவில் பார்க்கச் சொல்லி, வெளிக்கண்ணாடியின்மேல் அழியும் பேனாவால் கண்மணிக்கு நேரே புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்க இதைவிட எளிய வழியை நான் காணவில்லை. புள்ளி தவறினால் இரு கண்களும் வெவ்வேறு பக்கம் இழுக்கப்பட்டு, முதலில் தலைவலி வரும். கடலில் அதோடு குமட்டலும் சேரும். மாற்றும்போது ஒரு கண்ணாடியை முடித்துவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். இடம், வலம் மாறிவிடும் என்பதனால் சொல்கிறேன். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் முறுக்காமல், மணல் துகள் இல்லாமல் பள்ளத்தில் அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் முகம் வைத்துச் சோதனை. கடலில் முதற்சோதனை வேண்டாம்.

முகத்தில் பொருந்துகிறதா என அறிய, பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் சரி. மீசை மூக்கடியில் அடர்ந்திருந்தால் அவ்விடத்தில் தண்ணீர் கசியும், கத்தரித்துக்கொள்வது நலம். தாடி பொதுவாக இடைஞ்சல் செய்வதில்லை, விளிம்பு மேலுதட்டோடு நின்றுவிடுவதால். தலையை மூடி மூழ்கும் சகோதரிகள், துணியின் ஓரமோ முடிக்கற்றையோ விளிம்புக்குள் சிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

லென்ஸ் சரியாக அமைந்தும் பலர் அதனைக் கெடுப்பது துடைப்பதில்தான். புது மாஸ்க்கின் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத சிலிகான் படிவு இருக்கும். அது போகும்வரை என்ன செய்தாலும் ஆவி படியும். வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து உட்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக் கழுவுவது பழைய முறை. வெறும் கண்ணாடிக்கு அது நல்லதே. பிளாஸ்டிக் லென்ஸின் மீதும், மேற்பூச்சு உள்ள கண்ணாடியின் மீதும் தேய்த்தால் கீறல் விழுந்து நிரந்தரமாக மங்கிவிடும். லைட்டரின் தீயைக் காட்டிப் படிவைச் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். லென்ஸ் ஒட்டிய மாஸ்க்கில் அப்படிச் செய்தால் பசை விட்டுப்போகும். பவர் லென்ஸ் உள்ள மாஸ்க்கிற்குப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு சொட்டும், வெதுவெதுப்பான தண்ணீரும், மெல்லிய விரலும் போதும். இரண்டு மூன்று முறை கழுவ வேண்டியிருக்கலாம். ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவை அருகிலேயே வரக் கூடாது.

எங்கள் பகுதிக்காரர்கள் எண்ணெயையும் நினைவில் வைக்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியது. அவ்வளவு பெரிதாக இல்லாவிடினும் துறைமுக நீரில் எண்ணெய்ப் படலம் புதிதன்று. அது விளிம்பில் ஒட்டி, அங்கிருந்து விரல் வழியே லென்ஸுக்கு வரும். தலையில் தடவிய தேங்காய் எண்ணெயும், கண்ணில் இட்ட சுர்மாவும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மூழ்கும் நாளில் இரண்டையும் தவிர்க்கலாம்.

இறங்குமுன் எச்சிலைத் தடவிக் கழுவுவது குளியாளிகளின் பழக்கம். ஆவி சிறு சிறு துளிகளாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவ எச்சில் உதவுவது உண்மையே. ஆனால் ஒரே மாஸ்க்கைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் அது அருவருப்பு மட்டுமன்று, நோய்க்கும் வழியாகும். குழந்தைகளுக்கான ஷாம்பூவில் தண்ணீர் கலந்து இரண்டு சொட்டு தடவி, லேசாக அலசினால் அதே பயன் கிடைக்கும், கண்ணும் எரியாது.

மேலே வந்ததும் கைலி முனையால் துடைக்காதீர்கள். உலரும் உப்பு, பொடிப்பொடியான மணலைப் போன்றது. நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சட்டத்தின் இடுக்குகளில் தண்ணீர் ஓடவிட்டு, நிழலில் உலர்த்தி, பெட்டியில் வையுங்கள். கண்ணாடிப் பக்கம் தரையில் படுமாறு கவிழ்த்து வைக்க வேண்டாம். கறுப்பு ரப்பர் பொருளோடு சேர்த்து வைத்தால் வெள்ளைச் சிலிகான் கறுத்துவிடும்.

காண்டாக்ட் லென்ஸ் பற்றிச் சிலர் கேட்கக் கூடும். மென்மையான வகையை மாஸ்க்குக்குள் அணிந்து பலர் மூழ்குகின்றனர். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் கண்ணைத் திறந்த மாத்திரத்தில் அது மிதந்து போகலாம். அழுக்கு நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதனடியில் தங்கிக் கருவிழியைப் புண்ணாக்கவும் கூடும். கழிமுகத்தை அடுத்த எங்கள் கடலில் அதனை நான் விரும்ப மாட்டேன். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் எப்போது மீண்டும் மூழ்கலாம் என்பதைக் கண் மருத்துவரிடமே கேட்க வேண்டும். கண்ணாடிக் கடைக்காரனிடம் அன்று.

மருமகனுக்கு மாஸ்க்கைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை விதித்தேன். மேற்பார்வையாளரிடம் அவனே போய்ச் சொல்ல வேண்டும். பவர் கண்ணாடி மாட்டியபின் மறைக்க என்ன இருக்கிறது? இருந்தும் மூன்று நாள் அவன் சொல்லவில்லை. ராத்தாவிடம் தொலைபேசியில் பேசினேன். கல்யாணச் செலவைப் பற்றிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "எஞ்சின் சத்தம் கேட்டுத்தான் திரும்பினானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை அவனிடம் கொடுக்கச் சொன்னாள். மறுநாள் சொல்லிவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்த மேற்பார்வையாளரே கடைக்கு வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். ஐம்பதை நெருங்கும் மனிதர்; இருபது ஆண்டுகளாக மூழ்குபவர். உட்கார்ந்து, தேநீர் குடித்து, வேறு ஏதேதோ பேசிவிட்டு, தம் மாஸ்க்கைப் பையிலிருந்து எடுத்தார். சிலிண்டரில் மீதமுள்ள காற்றைக் காட்டும் கடிகையின் முள் ஐம்பதில் நிற்கிறதா, எண்பதில் நிற்கிறதா என்பது ஒரு வருடமாகவே அவருக்குத் தெரிவதில்லையாம். ஐம்பது என்றால் சிவப்புக் கோடு. மேலே வந்தாக வேண்டும். கூட இறங்கும் பையன்களிடம் கடிகையைக் காட்டி, அவர்கள் காட்டும் விரல்களை எண்ணிக்கொண்டு சமாளித்திருக்கிறார்.

நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு இது இயல்பு. தூரப்பார்வை நன்றாக இருந்ததால் அவருக்கு முழு லென்ஸ் தேவையில்லை. மாஸ்க்கின் கீழ்ப்பாகத்தில், தண்ணீர் தொட்டு ஒட்டவைக்கும் மெல்லிய பிறைவடிவ லென்ஸ்கள் விற்கின்றன, பசையே வேண்டியதில்லை. பிளஸ் இரண்டு போட்டு, கடிகையைக் கையில் கொடுத்து, வாளித் தண்ணீரில் முகம் வைக்கச் சொன்னேன். தலையை நிமிர்த்தியவர், முள் நிற்கும் எண்ணைச் சரியாகச் சொன்னார். பிறகு மருமகனுடைய மாஸ்க்குக்கு எவ்வளவு செலவாயிற்று என்று விசாரித்தார். அவருடைய குழுவில் இன்னும் இரண்டு பையன்கள், தலையணைக்கு அடியில் கண்ணாடி வைத்திருக்கிறார்களாம்.